சுவரில் மாட்ட நம் வீடு



தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் குடியேறியவர்களின் வீடுகளிலும், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுப் படம் தொங்குவதைப் பார்க்கிறோம். செங்கல் சுவர், புகைக்கூண்டு, வாசலில் ரோஜாக் கொடி. முன்பு நாள்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டினோம். இன்று கைபேசியில் கண்ட நீர்வண்ணப் படத்தைக் கடையில் அச்செடுத்து மாட்டுகிறோம். அழகான படந்தான். ஆனால், அதே சுவரில் நாம் வாழ்ந்த வீட்டுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் "உன் வீட்டை வரை" என்றோம். பெரும்பாலோர் இரண்டு மலை, நடுவில் சூரியன், புகைக்கூண்டு வைத்த வீடு என்றே வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் நீண்ட தகரக் கூரை, அதன் கீழ் பத்துக் கதவுகள், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நீலம், வாசலில் பால் வாளி என்று லயத்தை உள்ளபடியே வரைந்திருந்தாள். "வீட்டைக் கேட்டால் வெறும் கதவுகளைப் போட்டிருக்கிறாயே" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தோம். பின்னர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயமும் இடிக்கப்பட்டது. எங்களுக்குத் தெரிந்தவரை, அந்த லயத்துக்கு எஞ்சிய ஒரே படம், அச்சிறுமியின் தாயார் துணிப் பெட்டியில் மடித்து வைத்திருந்த அந்தத் தாள்தான்.

நம் பேராக்கில், கோப்பேங்கை அடுத்த கோத்தா பாருவில் 1951இல் பிறந்தவர் ஓவியர் லாட். தாம் வளர்ந்த கம்பத்தையும், பலகை வீட்டையும், ஈயம் தோண்டும் கப்பலையும் அவர் 1979இல் வெளியான 'கம்போங் பாய்' நூலில் வரைந்து வைத்தார். அவர் வரைந்தது மாளிகையை அன்று. தம் வீட்டையே வரைந்தார். பினாங்கில் வாழ்ந்து 1962இல் மறைந்த யோங் முன் சென், அப்துல்லா ஆரிப் ஆகிய இருவரும் நம் நாட்டுக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றவர்கள்.

நீர்வண்ணம் என்பது, வண்ணத்தூளை வேல மரத்துப் பிசினோடு சேர்த்துச் செய்வது. இதில் தாளின் வெண்மையே வெளிச்சம். ஆகவே தகரக் கூரையில் வெயில் பளிச்சிடும் இடத்தில் வண்ணம் பூசாமல் விட்டுவிட வேண்டும். முதலில் வெளிறிய வண்ணம். அது காய்ந்த பின்னரே அடர்ந்த வண்ணம். தாளை நனைத்துக்கொண்டு மெல்லிய நீலத்தைத் தொட்டு வைத்தால், தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் காலைப் பனியில் நிற்பதுபோலத் தாமே பரவி நிற்கும். மெல்லிய தாள் நெளியும். நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வண்ணத்துக்கு அஞ்சுவார்களானால் ஒரு வழி உண்டு. கறுப்புப் பேனாவால் வீட்டைக் கோடாக வரைந்து, போட்டோஸ்டாட் எடுங்கள். அந்த இயந்திரத்தில் கறுப்புத் தூள் சூட்டால் உருகித் தாளில் பிடித்துக்கொள்வதால், தண்ணீர் பட்டாலும் கோடு கரையாது. மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தில் எடுத்தால் கரையக்கூடும். ஆளுக்கொரு படி கொடுங்கள். கதவு நீலமா பச்சையா என்று பாட்டி சொல்லட்டும், பேரன் தீட்டட்டும். மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் வண்ணம் வெளுக்கும். கண்ணாடியோடு தாள் ஒட்டியிருந்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சிறிது இடைவெளி விடுங்கள்.

கடையில் அச்செடுக்கும் பிறர் படங்களைப் பற்றியும் ஒரு சொல். "சொந்தப் பயனுக்கு மட்டும்" என்று ஓவியர் குறித்திருந்தால், நம் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்; படிகள் எடுத்துச் சந்தையில் விற்கலாகாது. நமது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஓவியரின் வாழ்நாள் முழுதும், அதன்பின் 50 ஆண்டுகளும் அவருடைய படைப்பைக் காக்கிறது. பெயர் பெற்ற ஓவியருக்கு மட்டுமன்று, லயத்தை வரைந்த அந்தச் சிறுமிக்கும் அதே உரிமை உண்டு. சட்டம் அவளை ஓவியராக மதிக்கிறது. நாங்கள்தாம் அன்று மதிக்கத் தவறினோம்.

ஆகவே பெற்றோர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களைச் சுற்றி உட்காருங்கள். லயத்தில் எத்தனை கதவு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், வாசலில் என்ன மரம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். கோடு கோணினாலும் குற்றமில்லை. மதிப்பெண் போட வேண்டாம், சுவரில் மாட்டுங்கள்.