உறங்குபவர் அறியாத நோய்



திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கின்றது. அந்நான்கனுள் இறுதியில் நிற்பவர் முதலில் வந்து நிற்கவேண்டிய நோய் ஒன்று உண்டு. அது உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்.

மல்லாந்து உறங்கும்போது நாவும் கீழ்த்தாடையும் பின்னோக்கிச் சரிகின்றன. காற்றுவழி குறுகிக் குறட்டை எழுகின்றது. முற்றும் அடைபடின் மூச்சு 10 நொடிக்கு மேலும் நின்றுவிடும். மூளை திடுக்கிட்டு எழுப்பிய பின்னரே மீண்டும் மூச்சு வரும். ஓரிரவில் இது நூறு முறையும் நிகழலாம். உறங்குபவர் அறியார், அருகில் விழித்திருக்கும் மனைவியே அறிவார். நாமோ அதனைக் கும்பகர்ண உறக்கம் என்று நகைக்கின்றோம்.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு பார்ப்பவரும், கிருஷ்ணகிரி வழியே தேசிய நெடுஞ்சாலை 44இல் விடிய விடிய லாரி செலுத்துபவரும் மிகுந்த வட்டாரம் இது. உறக்கம் கெட்டவர் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் அத்தீங்கு அவரோடு நில்லாது. பிற உயிர்களையும் தொடும்.

முதலில் வேண்டுவது உறக்க ஆய்வு. மூச்சுத்தடை மணிக்கு 5 முதல் 15 முறை எனில் நோய் லேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. கடுமையான நோய்க்கு, 1981இல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட, மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தும் முறையே முதன்மையானது. நோய் அத்துணைக் கடுமையாக இல்லாதோர்க்கும், இரவெல்லாம் முகமூடி அணிய இயலாதோர்க்கும் வேறிரு வழிகள் உள்ளன.

ஒன்று, ஒருக்களித்துப் படுத்தல். பலருக்கு மல்லாந்த நிலையில் மூச்சுத்தடை இருமடங்காவதை 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட் சுட்டினார். சட்டையின் முதுகுப்புறத்தில் டென்னிஸ் பந்து ஒன்றைத் தைத்துக்கொண்டால் மல்லாந்து புரள இயலாது.

மற்றொன்று, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தரும் வாய்க்கருவி. அது பற்களில் பொருந்திக் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தும். நாவும் உடன் முன்வர, காற்றுவழி திறக்கும். தொடக்கத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும்; நாளடைவில் பல்வரிசை சற்றே மாறவும் கூடும். ஆதலின் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. குறட்டை நின்றமையாலேயே நோய் நின்றதென்று கொள்ளாமல், மீண்டும் உறக்க ஆய்வு செய்து பார்த்தல் வேண்டும்.

இல்லத்தில் ஒருவர் உரத்த குறட்டைக்கிடையே மூச்சடங்கித் திணறி எழுவாராயின், நகைக்க வேண்டா. காலையில் அன்போடு எடுத்துக் கூறுங்கள். மருத்துவரிடம் உடன் சென்று, கண்டதைக் கண்டவாறு உரையுங்கள். உடனிருப்பவர் வாய் திறவாவிடின், உற்றவர் தம் நோயை ஒருபோதும் அறியார்.