நாக்குக்கு நல்ல தண்ணீர் நிலத்துக்கு நல்லதா?

(சங்கரன்கோவில் வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் வானொலியில் பேசியது)



சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் காட்டுக்குப் போயிருந்தேன். புது போர் தண்ணீரில் இரண்டு வருஷமாக மல்லிகை வளர்க்கிறார்கள். இலை வெளுத்து, அரும்பு குறைந்து நிற்கிறது. பாய்ச்சிய தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை. காய்ந்தால் நிலம் கல்லாக இறுகுகிறது. "அண்ணாச்சி, தண்ணீரைச் சோதிச்சீங்களா?" என்று கேட்டேன். "அது எதுக்கு சார்? வாயில வச்சா கரிக்காது. பருப்பு பஞ்சு மாதிரி வேகுது, சோப்பு நல்லா நுரைக்குது. இதைவிட நல்ல தண்ணி உண்டுமா?" என்றார்.

சங்கடமே அங்கேதான் இருக்கிறது. பாசன நீரில் கெடுதல் இரண்டு வகை. ஒன்று உவர். இது ஓரளவுக்கு நாக்கிலேயே தெரிந்துவிடும். மற்றது களர். ஆப்பத்துக்குப் போடுகிறோமே சோடா உப்பு, அது கரைந்த தண்ணீர். இது கரிக்காது, பருப்பையும் வேகவைக்கும். ஆனால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை முடக்கிவிட்டு, அந்த இடத்தில் சோடியம் ஏறிக்கொள்ளும். களிமண் குழைந்து கண் அடைத்துப்போகும். வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஆகவே சோதனை செய்துதான் பார்க்க வேண்டும். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மருந்துப் பாட்டில் கூடாது. பெயர், சர்வே எண், ஆழம், பயிர் இவற்றை எழுதி ஒட்டி, தாமதிக்காமல் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை எடுப்பது நல்லது.

முடிவுச் சீட்டு வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது, மின் கடத்தும் திறன். இது உப்பின் மொத்த அளவைக் காட்டும். 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 2 என்றால் லிட்டருக்குச் சுமார் 1¼ கிராம் உப்பு. ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 இலட்சம் லிட்டர். அதாவது ஒரே பாய்ச்சலில் 250 கிலோ, ஐந்து மூட்டை உப்பை வயலில் கொட்டுகிறோம்! எலுமிச்சை, வெங்காயம், மிளகாய், மக்காச்சோளம் 1-க்கு மேலேயே மகசூல் குறையத் தொடங்கும். பருத்தியும் சோளமும் 4 வரைகூடத் தாங்கும். உவர் நீரானால் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுங்கள். பாரின் உச்சியில் உப்பு பூக்கும். அதனால் விதையைப் பக்கவாட்டில் ஊன்றுங்கள். மழைநீரைத் தேக்கி, உப்பைக் கீழே இறக்கி, வடிகால் வழியே வெளியேற்றுங்கள்.

இரண்டாவது எண், எச்ச சோடியம் கார்பனேட். 1.25-க்குள் நல்லது, 2.5-க்கு மேல் ஆகாது. அண்ணாச்சியின் சீட்டில் இது 4-க்கு மேல் இருந்தது. மின் கடத்தும் திறனோ 1-கூட இல்லை! களருக்கு மருந்து ஜிப்சம். ஓர் அலகு குறைக்க, இரண்டு அங்குலப் பாய்ச்சலுக்கு ஏக்கருக்கு 17 கிலோ சுத்த ஜிப்சம் வேண்டும். அவருக்கு ஒரு பாய்ச்சலுக்கு 50 கிலோ. பாசனத் தொட்டியில் ஜிப்சம் கட்டிகளைப் பரப்பி அதன் வழியே தண்ணீரை விடலாம். கெட்ட மண்ணுக்குத் தனியாக எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனை சொல்லும். ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நல்ல பலன் தரும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உவர் நீருக்கு ஜிப்சம் போட்டால் காசுக்குத்தான் கேடு. நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். ஆயிரம் அடி தோண்டச் செலவழிக்கிறோம். ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகச் சோம்பல் எதற்கு? கன்று நடுவதற்கு முன்பே கொண்டுபோங்கள். உங்கள் உதவி வேளாண்மை அலுவலர் வழி சொல்வார்.