சுவருக்கு வெளியே செல்லும் பணம்



நினைவு அறக்கொடை என்றாலே எனக்கு வேலூர் நினைவுக்கு வரும். மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் நியூயார்க்கில் நிதி திரட்டியபோது, ஷெல் என்ற வங்கியாளர் காலமான தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. உலகின் பல மருத்துவமனைகள் இப்படிப் பிறந்தவைதாம். யாரோ ஒருவருடைய இழப்பு கொடையாக வந்து கட்டடமாக நிற்கிறது. பணம் மருத்துவமனைக்குள் வரும் இந்தக் கதை நமக்குப் பழகிய கதை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதன் எதிர்த்திசையை. மருத்துவமனையின் பணம் வெளியே போய், சுற்றுவட்டாரத் தொண்டு நிறுவனங்களின் கைக்குச் சேர்ந்து, நோய் வருமுன்னே அதன் காரணத்தைத் தொடுவதைப் பற்றி. இதைச் சட்டத்தின் வழியே நெடுங்காலமாகச் செய்துபார்த்து வரும் நாடு அமெரிக்கா. ஆகவே என் பேச்சு பெரும்பாலும் அந்த மண்ணிலேயே நிற்கும்.

அமெரிக்காவின் சமூக மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5இல் 3 பங்கு இலாப நோக்கற்றவை. அவை வருமான வரி கட்டுவதில்லை. பெரும்பாலும் சொத்து வரியும் இல்லை. இப்படி அரசு விட்டுக்கொடுப்பதன் மதிப்பு 2011இல் 2,460 கோடி டாலர் என்றும், 2020இல் ஏறத்தாழ 2,800 கோடி டாலர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். பதிலுக்கு மருத்துவமனை என்ன தர வேண்டும்? கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கும் தன்னால் இயன்ற அளவு சிகிச்சை தர வேண்டும் என்றது 1956இல் வரித்துறை வகுத்த விதி. 1965இல் முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் வந்தன. இனி இலவச சிகிச்சைக்குத் தேவையே இருக்காது என்று பலர் நம்பினார்கள். 1969இல் விதி தளர்ந்தது. ‘சமூக நன்மை’ செய்தால் போதும் என்றாயிற்று. அந்த நன்மை எது, எவ்வளவு என்று யாரும் வரையறுக்கவில்லை. அடுத்த 40 ஆண்டுகள் அப்படியே ஓடின.

2010இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இலினாய் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு மருத்துவமனை செய்த தர்ம சிகிச்சை மிகச் சொற்பம் என்று கண்டு, அதற்குச் சொத்து வரி விலக்கு மறுக்கப்பட்டதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் ஒபாமா கொண்டுவந்த மருத்துவச் சட்டம் ஒரு புதிய கடமையை விதித்தது. வரிவிலக்குப் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் 3 ஆண்டுக்கு ஒருமுறை தன் சுற்றுவட்டாரத்தின் உடல்நலத் தேவைகளை ஆராய வேண்டும். பொதுச் சுகாதாரம் அறிந்தவர்களையும் அந்தப் பகுதி மக்களுக்காகப் பேசக்கூடியவர்களையும் கேட்க வேண்டும். கண்டதை ஊரறிய வெளியிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று எழுதியும் தர வேண்டும். தவறினால் 50,000 டாலர் தண்டம். எவ்வளவு செலவிட வேண்டும் என்பதை மட்டும் அந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதன் விளைவு என்ன? 2009ஆம் ஆண்டின் வரிக் கணக்குகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைகள் தம் இயக்கச் செலவில் சராசரியாக 7.5 விழுக்காட்டைச் சமூக நன்மைக்குச் செலவிட்டதாகக் காட்டியிருந்தன. அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் இலவச சிகிச்சைக்கும், மெடிகெய்டு தரும் தொகைக்கும் ஆகும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறை போன்ற சிகிச்சைச் செலவுகளுக்கும் போனது. சுற்றுவட்டார மக்களின் நலத்தை மேம்படுத்தும் பணிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 5 விழுக்காடு. 100 டாலர் செலவிடும் மருத்துவமனை தன் சுவருக்கு வெளியே நோய்த்தடுப்புக்குக் கொடுத்தது 40 சென்ட் அளவுக்குத்தான்.

இலவச சிகிச்சையை நான் குறைத்துப் பேசவில்லை. காசில்லாமல் வாசலுக்கு வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பாத மருத்துவமனையை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் திரும்பத் திரும்ப அதே வாசலுக்கு வருகிறார் என்றால், ஏன் வருகிறார் என்று பார்ப்பதும் அதே மருத்துவமனையின் கடமைதான். அதற்கான பணத்தை மருத்துவமனையின் தயாளமாக நாம் எண்ணக் கூடாது. மக்கள் தங்கள் வரிப்பணத்தை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கிவைத்தது அது.

பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே குழந்தைகளை உள்நோயாளிகளாகச் சேர்ப்பதற்கு முதல் காரணமாக இருந்தது ஆஸ்துமா. ராக்ஸ்பரி, டார்செஸ்டர் போன்ற ஏழைப் பகுதிகளின் குழந்தைகள் மூச்சுத் திணறலோடு வருவார்கள். மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்புவார்கள். சில வாரங்களில் அதே குழந்தை மீண்டும் வரும். கரப்பான்பூச்சி ஒவ்வாமை உள்ள குழந்தை கரப்பான் மிகுந்த வீட்டில் வாழ்ந்தால், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது மூன்று மடங்குக்கும் மேல் என்று 1997இலேயே தெரிந்துவிட்டது. ஈரம் ஊறிய சுவர், எலி, பூஞ்சை, தூசி படிந்த மெத்தை. இவற்றுக்கு எந்த மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவது?

2005இல் அந்த மருத்துவமனை வீடுகளுக்கே ஆள் அனுப்பத் தொடங்கியது. ஒரு செவிலியர் குழந்தையின் சிகிச்சையை ஒருங்கிணைப்பார். அந்தப் பகுதி மக்களின் மொழியும் வாழ்க்கையும் தெரிந்த சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவார். இன்ஹேலரைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொடுப்பார். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை, நுண்தூசியை இழுக்கும் வாக்குவம் கிளீனர், பூச்சி ஒழிப்புக்கு ஏற்பாடு என்று எல்லாம் வீட்டுக்கு வரும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஆஸ்துமாவால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தைகளின் விகிதம் 68 விழுக்காடும், உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 85 விழுக்காடும் குறைந்திருந்தன. 2012இல் குழந்தை மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 1.46 டாலர் சேமிப்பு என்றும் கணக்குக் காட்டினார்கள்.

அந்த 1.46 டாலர் யாருக்குச் சேர்ந்தது? காப்பீட்டின் வழியே சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு. செலவு செய்தது மருத்துவமனை. போதாததற்குப் படுக்கைகள் காலியாகி வருமானமும் போனது. மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2010இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். இருக்கிற கட்டண முறையில், இவ்வளவு நல்ல திட்டம் அதை நடத்தும் மருத்துவமனையையே கடனில் தள்ளிவிடக்கூடும் என்றார். நல்லெண்ணம் உள்ள நிர்வாகி ஒருவர் சில ஆண்டுகள் இந்த நஷ்டத்தைத் தாங்கலாம். அடுத்து வருகிறவர் தாங்குவாரா? கொடுக்கிறவர் மனத்தை நம்பி நிற்கும் வரை இத்தகைய பணிகள் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

அதே நகரில் இன்னொரு முயற்சியும் நடந்தது. பாஸ்டனில் ஏழைகளே மிகுதியாக வரும் மருத்துவமனையில் பேரி ஸக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவர் 1993இல் வழக்கறிஞர்களைத் தம் பிரிவுக்குள் கொண்டுவந்தார். பூஞ்சை படர்ந்த சுவரைப் பழுதுபார்க்க மறுக்கும் வீட்டு உரிமையாளருக்கு மருத்துவர் எழுதும் கடிதத்தைவிட வழக்கறிஞர் எழுதும் கடிதம் விரைவாக வேலை செய்யும் அல்லவா? மருத்துவமனைகளும் சட்ட உதவி நிறுவனங்களும் கைகோக்கும் இந்த முறை பின்னர் நாடெங்கும் பரவியது. நலப்பணிக்குப் பணம் கொடுப்பது என்றால் முகாம் நடத்துவதும் துண்டறிக்கை அச்சிடுவதும்தான் என்று நினைத்திருப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மனத்தை நம்பாமல் விதியை நம்பிய மாநிலம், பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ். அங்கே ஒரு மருத்துவமனை பெரிய கட்டடம் கட்டவோ விரிவாக்கவோ மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தால், பொதுவாகத் திட்டச் செலவில் 5 விழுக்காட்டைச் சமூக நலப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் பணக்காரப் பகுதிகளிலேயே கட்டிக்கொண்டே போகும் என்பதால், இந்தப் பணத்தில் ஒரு பங்கு மாநிலம் முழுவதற்குமான பொது நிதிக்குப் போகும்படி பிற்பாடு மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

நான் சொன்ன அதே குழந்தைகள் மருத்துவமனை, ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்பிலான விரிவாக்கத்துக்கு 2016இல் ஒப்புதல் பெற்றது. அதன் விளைவாக 10 ஆண்டுகளில் 5 கோடி டாலருக்கு மேல் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் நலத்துக்கு ஒதுக்கும் கடமை வந்தது. அந்தக் கட்டடத்துக்காக ஒரு தோட்டத்தையும் அழித்தார்கள். ஆலிவ் ஹிகின்ஸ் புரௌட்டி என்ற நாவலாசிரியை, இறந்துபோன தம் இரு பெண் குழந்தைகளின் நினைவாக 1950களில் அமைத்துக் கொடுத்த தோட்டம் அது. பிழைக்க வழியில்லாத குழந்தைகளைக் கடைசி நாட்களில் பெற்றோர் தூக்கிவந்து உட்கார்ந்த இடம். அதைக் காக்கப் பல குடும்பங்கள் போராடித் தோற்றன. ஒரு தாயின் நினைவுக்கொடை போய், அதே மண்ணில் எழுந்த கட்டடத்தின் பங்காக வேறு பல குழந்தைகளுக்குப் பணம் பிறந்தது. இதை இலாபம் என்றோ நஷ்டம் என்றோ கூட்டிக் கழித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறக்கட்டளையின் பெயரால் கூடியிருக்கும் இந்த அவையில் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இன்னொரு நகரையும் பாருங்கள். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை, தன் தெற்குப் பக்கத்தில் பாழடைந்து பூட்டிக்கிடந்த வீடுகளைப் பார்த்தது. அந்த வட்டாரத்தையே ஒரு நோயாளியாகக் கருதிச் சிகிச்சை செய்வது என்று 2008இல் முடிவுசெய்தது. வீடு கட்டுவதை மருத்துவமனை தானே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த, தேவாலயத் தொடர்புள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்தது. முதல் எட்டு ஆண்டுகளில் 70க்கும் மேற்பட்ட வீடுகளைப் புதுப்பித்தார்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே பழுதுபார்க்க வழியில்லாத குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். இத்தனைக்கும், மருத்துவமனைகள் தம் சமூக நன்மையைக் கணக்குக் காட்டும் வரித்துறைப் படிவத்தில் வீட்டுவசதி போன்ற பணிகளுக்குப் பொதுவாக வேறொரு பகுதி. அங்கே எழுதுவது சமூக நன்மையின் மொத்தத்தில் சேராது. இலவச அறுவை சிகிச்சை அந்த மொத்தத்தில் சேரும். அந்த அறுவையைத் தேவையில்லாமல் ஆக்கிய வீடு சேராது. இந்த விதி மாற வேண்டும்.

கொலம்பஸில் எனக்குப் பிடித்தது, யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதுதான். பல இடங்களில் மருத்துவமனையின் விளம்பரப் பிரிவே நிதியுதவியையும் கவனிக்கிறது. ஓராண்டுக்குப் பணம், அதற்கு நான்கு அறிக்கை, ஒரு புகைப்படம். தொண்டு நிறுவனத்தின் வாடகைக்கும் கணக்கெழுதுபவர் சம்பளத்துக்கும் ஒரு காசு கிடையாது. சிறிய நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் மார்ச் மாதத்திலேயே அடுத்த வேலை தேடத் தொடங்கிவிடுகிறார். அவர் போனால் அவரை நம்பிக் கதவைத் திறந்த தாய்மார்கள் அடுத்தவருக்குத் திறப்பதில்லை. நல்கை என்பது குறைந்தது ஐந்தாண்டுக்கு இருக்க வேண்டும். அலுவலகச் செலவையும் தாங்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் அந்தத் தெருக்காரர்கள் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

இத்தகைய பணிகளுக்கு இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் மெடிகெய்டுக்கான செலவைப் பெருமளவு வெட்டியிருக்கிறது. 2034க்குள் மேலும் 1 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்பது அந்நாட்டு நாடாளுமன்ற நிதிநிலை அலுவலகத்தின் கணிப்பு. அவர்கள் நோய் முற்றிய பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார்கள். மருத்துவமனைகளின் இலவச சிகிச்சைச் செலவு ஏறும். நெருக்கடி வரும்போது முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் பணத்தைத்தான். ஆனால் வரிப் படிவத்தில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் கூட்டப்படுகின்றன. ஆகவே சமூக நன்மையின் மொத்தத் தொகை உயர்ந்துகொண்டே போவதாகத் தெரியும், ராக்ஸ்பரி போன்ற இடங்களில் வீட்டுக்கு வந்துபோன சுகாதாரப் பணியாளர் வராமல் நின்றிருந்தாலும். அந்தப் படிவங்கள் யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பொது ஆவணங்கள். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ஐந்து மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, மொத்தத்தை விட்டுவிட்டு, சமூக நல மேம்பாடு என்ற ஒரு வரியை மட்டும் அடுத்த 3 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.