வண்டிச் சோதனைக் குறிப்பும் நமது கடமையும்

(மதுரை வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாட்டு வண்டி ஒன்றே நம் கிராமங்களின் வாகனமாக இருந்த காலத்தில், அச்சு தேய்ந்தால் வண்டிக்காரரே கண்டுகொள்வார். சக்கரத்து இரும்புப் பட்டா தளர்ந்தால் அதன் சத்தமே சொல்லிவிடும். மறுநாள் வண்டி கொல்லர் பட்டறையில் நிற்கும். இன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பூவும் காய்கறியும் விடியுமுன் சிறு சரக்கு வண்டிகளில் மதுரைச் சந்தைக்கு வருகின்றன. மேலூர்ப் பக்கத்து நெல் மூட்டைகள் டிராக்டர் டிரெய்லரில் செல்கின்றன. நம் குழந்தைகள் பள்ளி வேனில் ஏறிச் செல்கின்றனர். இவ்வண்டிகளின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம் கண்ணுக்கு மறைவான இடத்தில் இருக்கின்றன. அவற்றில் நேரும் பழுது, முற்றிய பிறகே நமக்குத் தெரிகிறது. ஆகையால்தான் விவரம் அறிந்த ஒருவர் குறித்த காலத்தில் வண்டியைச் சோதித்துக் குறை சொல்வது அவசியமாகிறது. அவ்வாறு சொல்லப்படும் குறிப்புகளை நாம் எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும், அவற்றின்மேல் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சட்டம் சொல்வது

பேருந்து, லாரி, வாடகை வேன், பள்ளி வாகனம் முதலியவை தகுதிச் சான்று பெற்றே சாலையில் ஓட வேண்டும். 'எப்.சி.' என்று நாம் வழக்கில் சொல்வது இதைத்தான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதனை வகுத்துள்ளது. புதிய வண்டிக்கு முதல் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சான்று இல்லாத வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படமாட்டாது.

நம் பகுதியில் மதுரை வடக்கு, தெற்கு, மத்தி ஆகிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிப்பார். இயந்திரங்களைக் கொண்டு சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கும் மைய அரசு 2021ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டது. சோதிப்பவர் யாராயினும், சான்றை மறுத்தால் அதற்கான காரணத்தை உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று அதே 56ஆம் பிரிவு கூறுகிறது. 'வண்டி சரியில்லை, நாளை வா' என்ற ஒரு வார்த்தையோடு நாம் திரும்பி வர வேண்டியதில்லை. காரணம் எழுதிய தாளைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.

சான்று கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை என்பதைத்தான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். டயர் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் நீங்கலாக மற்ற வண்டிகளின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. சோதனை நாளில் 1.8 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் வண்டி தேறிவிடும். ஆனால் ஐப்பசி மழையில் சாலை நனையும்போது அந்த டயர் அளவுக்குக் கீழே தேய்ந்திருக்கும். சான்றிதழோ இன்னும் செல்லுபடியாகும். சான்று சொல்வது சோதனை நாளின் நிலையை. ஆய்வாளர் 'டயர் தேய்ந்து வருகிறது, பார்த்துக்கொள்' என்று சொல்லும் குறிப்பே வரப்போகும் நிலையைச் சொல்கிறது.

இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டு முதல் வண்டிகளுக்குக் குறித்த காலச் சோதனை நடந்து வருகிறது. 2018ஆம் ஆண்டு முதல் அங்கே குறைகளை அபாயமானவை, பெரியவை, சிறியவை எனப் பிரித்து எழுதுகின்றனர். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. இவற்றுக்கும் அப்பால், 'இப்போது குறை இல்லை. ஆனால் கவனிக்கவும்' என்ற அறிவுரைக் குறிப்பும் உண்டு. நம் நாட்டில் இக்குறிப்பு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே வருகிறது. ஓட்டுநர் கேட்டுக்கொள்கிறார், உரிமையாளரிடம் சொல்ல மறந்துபோகிறார். ஆகையால் சோதனைக்குச் செல்பவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். ஆய்வாளர் சொன்னதை அவ்விடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

கண்மாய்க் கரையைக் காக்கத் தெரிந்த நமக்கு இது புதிய பாடம் அன்று. ஆவணியில் கரையைச் சுற்றி வரும்போது மடையோரம் ஈரக் கசிவு தெரிந்தால், கரை உடையவில்லையே என்று நாம் இருந்துவிடுவதில்லை. அன்றைக்கு நாலு கூடை மண்ணோடு போகும் வேலை, ஐப்பசியில் ஊரே கூடினாலும் அடங்காது என்பதை அறிவோம்.

ஐந்து சொற்கள்

சோதனைக் குறிப்புகளில் ஐந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் பொருளை அறிந்துகொண்டால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது விளங்கும்.

முதலாவது தேய்மானம். டயர், பிரேக் கட்டை முதலியவை தேய்வது இயல்பு. எவ்வளவு மீதி என்று கேட்டு எழுதிக்கொண்டு, மாற்றும் தேதியைக் குறித்து வைக்கலாம். ஆனால் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரத்தின் அமைப்பிலோ காற்றின் அளவிலோ கோளாறு உண்டு. காரணத்தை நீக்காமல் புது டயர் போட்டால் அதுவும் அவ்வாறே தேயும்.

இரண்டாவது கசிவு. எஞ்சின் எண்ணெய் சற்றே ஈரமாகக் கசிந்தால் அளவைப் பார்த்து வரலாம். பிரேக் எண்ணெய் கசிந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. மிதித்த விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது அந்த எண்ணெயே. அது குறைந்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

மூன்றாவது ஆட்டம். ஸ்டியரிங்கிலோ சக்கரத்திலோ ஆட்டம் என்று எழுதியிருந்தால், பாரம் ஏற்றுமுன் பட்டறைக்குச் செல்ல வேண்டும். இணைப்பு கழன்றுவிட்டால் ஓட்டுநரின் திறமை உதவாது.

நான்காவது விரிசல். ஸ்பிரிங் பட்டையிலோ சட்டத்திலோ கண்ட விரிசல் தானே ஆறுவதில்லை. ஒவ்வொரு குழியும் அதனை நீட்டுகிறது. டயரின் பக்கவாட்டில் வரும் வெடிப்பும் இத்தகையதே. நம் டிரெய்லர்கள் அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் வெயிலில் நிற்கின்றன. பள்ளம் தேயாமலே ரப்பர் முதிர்ந்து வெடிக்கிறது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

ஐந்தாவது துரு. மேல் தகட்டில் படிந்த துருவைச் சுரண்டி வர்ணம் பூசலாம். சட்டத்திலும் தளத்திலும் கண்ட துரு அவ்வாறன்று. அது வண்டியின் பலத்தையே அரிக்கிறது.

இதன் விளைவைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்து ஒன்றின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து உயிரிழந்தாள். அப்பேருந்து தகுதிச் சான்று பெற்று அதிக நாள் ஆகவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. இன்று ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பள்ளி திறக்குமுன், மாவட்டந்தோறும் பள்ளி வாகனங்களை ஓரிடத்தில் நிறுத்திச் சோதிக்கின்றனர். தளம், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி யாவும் பார்க்கப்படுகின்றன. எனினும் அந்த ஓட்டை ஒரே நாளில் உண்டானதன்று என்பதை நாம் மறக்கலாகாது. சோதனை ஆண்டுக்கு ஒரு நாள். வண்டி ஓடுவதோ நாள்தோறும்.

செய்யத் தகாததும் செய்யத் தக்கதும்

இரவல் டயரை மாட்டி எப்.சி. காட்டிவிட்டு, வெளியே வந்ததும் பழைய டயரைப் பூட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆய்வாளரை ஏமாற்றியதாக அவர்கள் எண்ணுகின்றனர். அந்த வண்டியில் ஏறுபவர் ஆய்வாளர் அல்லர். நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் களையெடுக்கச் செல்லும் கூலியாட்களுமே.

விவசாய டிராக்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி அது போக்குவரத்து வாகனம் அன்று. பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை எவரும் அழைத்துச் சோதிக்கப் போவதில்லை. ஆகவே அறுவடைக்கு முன் ஒரு முறை நாமே பட்டறையில் காட்டிக் குறிப்பு எழுதி வாங்குவது நலம். டிரெய்லரின் பின்புறத்தில் சிவப்பு ரிப்ளெக்டரும் எரியும் விளக்கும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருமங்கலம், மேலூர் நாற்கரச் சாலைகளில் இரவில் விளக்கின்றிச் செல்லும் டிரெய்லர், பின்னால் விரைந்து வரும் காருக்குக் கடைசி நொடியிலேயே தெரியும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஊராட்சிக்குச் சொந்தமான ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். குறை, சொன்ன தேதி, சரிசெய்யப் பொறுப்பானவர், சரிசெய்த தேதி என நான்கு பத்திகள் போதும். நான்காவது பத்தி வெறுமையாக இருக்கும் குறைகளைக் கூட்டந்தோறும் படித்துக் கேளுங்கள். இரண்டாவதாக, மே முதல் நாள் கிராம சபையில், ஊருக்கு வரும் பள்ளி வாகனங்களைப் பற்றிப் பேசுங்கள். சோதனையில் என்ன குறை சொல்லப்பட்டது, அது நீங்கியதா என்று பள்ளி நிர்வாகத்தைக் கேட்கும் தீர்மானம் கொண்டுவரலாம். மூன்றாவதாக, குறையைச் சொல்லும் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பிரேக் சரியில்லை என்று அவர் சொல்லும்போது, 'இந்த நடை மட்டும் போய் வா' என்று எவரும் சொல்லலாகாது.

பிரேக் எண்ணெய்க் குழாய் ஒன்றை மாற்ற ஆகும் செலவு, ஒரு நடை வாடகைக்குள் அடங்கலாம். அதைத் தள்ளிப்போட்டதால் போன உயிருக்கு ஈடு கட்ட எந்த இழப்பீட்டாலும் இயலாது. ஆகவே, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவதற்கு முன், அதனோடு வந்த குறிப்பை ஒரு முறை படிப்போம்; படித்த வாரத்திலேயே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவோம்.