மன்னார்க் கரையில் இறங்கிய அட்மிரல்



இலக்கியத் தொடரிலே கப்பற்படைத் தலைவன் ஒருவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயின், மன்னார்ப் பகுதியின் நாட்டுக்கூத்து மரபை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பதிப்பித்து வெளியிட்ட 'என்றிக் எம்பரதோர்' நாடகத்தை உங்களிற் சிலர் படித்திருப்பீர்கள். 'எம்பரதோர்' என்பதே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பேரரசன் என்று பொருள். கட்டியகாரன் கட்டியங்கூற, ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவன் நமது கடற்கரை மணலில் போட்ட மேடைக்குக் கொலுவாக வருகின்றான். கண்ணாற் காணாத மன்னர்களையெல்லாம் பாட்டிலே வைத்து ஆடி மகிழ்ந்தவர்கள் மன்னார் மக்கள். அந்தக் கரைக்கு நேரிலேயே வந்து இறங்கி, அவர்களுடைய வாழ்வைத் தலைகீழாக்கிய ஒருவன்மீது ஒரு கூத்துப் பாடப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒருவனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அவன் பெயர் றைக்லொவ் வன் கூன்ஸ். 1619ஆம் ஆண்டு றைன் நதிக்கரையில் உள்ள றீஸ் என்னும் ஊரிற் பிறந்தவன். தகப்பன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவகத்திற் சேர்ந்தபடியால், பத்து வயதளவில் தாய் தந்தையரோடு கப்பலேறி யாவாவிலுள்ள பத்தேவியாவுக்கு வந்தான். வந்து சில ஆண்டுகளுக்குள் இருவரும் இறந்துபோயினர். அநாதையாக நின்ற பையனைக் கம்பனி சோழமண்டலக் கரைக்கு அனுப்பி, அங்கிருந்த தன் அதிகாரியிடம் வேலைக்கு விட்டது. கம்பனியின் சோழமண்டலத் தலைமையிடம் அந்நாளிற் பழவேற்காடு. துணிப் பொதிகளும் கணக்குப் புத்தகங்களும் நிறைந்த அந்தக் கோட்டையில் வளர்ந்தவனுடைய காதிலே தமிழும் தெலுங்கும் விழாமல் இருந்திருக்க முடியாது.

இந்த இடத்தில் ஓர் இலக்கணச் சங்கடத்தையும் சொல்லிவிடுகின்றேன். தமிழிலே பதவி உயர உயர விகுதியும் உயர்ந்துகொண்டே போகும். பையனை 'அவன்' என்று சொல்லிவந்தேன். இனிக் கம்பனி அவனுக்குச் சம்பளத்தைக் கூட்டப்போகின்றது. நாமும் 'அவர்' என்று சொல்ல வேண்டியதுதான்.

ஒல்லாந்தக் கம்பனியில் உயர்வுக்கு ஒரு படிவரிசை இருந்தது. முதலில் எழுத்துவேலை பார்க்கும் உதவியாள், பின்பு கீழ்நிலை வணிகர், வணிகர், மேல்நிலை வணிகர் என்று அது போகும். வன் கூன்ஸ் ஒவ்வொரு படியாக ஏறினார். பிறப்பால் வந்த செல்வாக்கு ஒன்றும் அவரிடம் இல்லை. பேனாவும் துணிவுமே கைமுதல். 1648 முதல் 1654 வரை ஐந்து தடவை யாவாவின் மத்தராம் அரசனிடம் தூது போனார். கண்டவற்றை விரிவாக எழுதியும் வைத்தார். 1655இல், சரக்கேற்றிச் செல்லும் கப்பற்கூட்டத்திற்குத் தலைவராக ஒல்லாந்துக்குப் போனார். கம்பனிப் பணிப்பாளர்களின் முன்னே அவர் வைத்த யோசனை இதுதான்: இலங்கையிலும் தென்னிந்தியக் கரைகளிலும் எஞ்சியிருக்கும் போர்த்துக்கேயரை அடியோடு அகற்றிவிட வேண்டும். 1657இல் திரும்பி வந்தபோது, நிலத்திலும் நீரிலும் படை நடத்தும் அதிகாரத்தோடு வந்தார். அதற்குரிய பட்டங்களுள் ஒன்று 'அட்மிரல்'.

'அட்மிரல்' என்ற சொல்லின் வேர் அரபுமொழியில் உள்ளது. 'அமீர்' என்றால் கட்டளையிடுபவன். அராபியக் கடலோடிகளின் கலங்கள் மாதோட்டத் துறையை நாடி வந்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சொல் மத்தியதரைக் கடல் வழியாக ஐரோப்பாவைச் சுற்றி, வேறோர் உடை உடுத்துக்கொண்டு, பீரங்கியோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதே பட்டத்தை நம்மவர் ஒருவரும் பின்னாளிற் பெற்றார். 1960 முதல் 1970 வரை அரச இலங்கைக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய றியர் அட்மிரல் இராஜன் கதிர்காமர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இது வழியிற் கண்ட செய்தி. நாம் 1658ஆம் ஆண்டுக்குப் போவோம்.

வகுப்பிலே வரலாற்றுப் பின்னணி சொல்லும்போது, "சேர், யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்தவங்கள் ஏன் மன்னாருக்கு வந்தவங்கள்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தேசப்படத்தை விரித்தால் விடை தெரியும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் தூரம். அவ்வளவும் மணற்றிட்டு. பெருங்கப்பல் அதைக் கடக்க முடியாது. தோணிகளும் சிறு கலங்களுமே வழி தெரிந்து போகலாம். கொச்சியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கோ நாகபட்டினத்துக்கோ உதவி அனுப்ப வேண்டுமாயின், இந்தத் தீவைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியதற்கும், புன்னைக்காயலிலிருந்து பரதவ மக்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றியதற்கும் இதுவே காரணம். முத்துச் சிலாபம் இன்னொரு காரணம். வலையை அறுக்காமல் அதன் கயிற்றை மட்டும் அறுத்தால் மீன் தானே போய்விடும் என்பது பேசாலைச் சம்மாட்டி எவருக்கும் தெரிந்த விடயம். அட்மிரல் செய்ததும் அதுதான். முதலிலே தூத்துக்குடி, அடுத்தது மன்னார், பின்பு யாழ்ப்பாணம், கடைசியாக நாகபட்டினம். ஒரே ஆண்டு, ஏழு மாதங்களுக்குள் நான்கும் முடிந்தன.

அவர் தேர்ந்தெடுத்த மாதமும் கவனிக்கத்தக்கது. பெப்ரவரி. வாடை ஓய்ந்து, சோழகம் எழுமுன் கடல் இணங்கி வரும் காலம். அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. ஆழங்குறைந்த கடலாதலால் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, வீரர்கள் சிறு கலங்களிற் கரையை நோக்கி வந்தார்கள். போர்த்துக்கேயர் கரையிற் காத்து நின்று எதிர்த்தார்கள். அவர்களுடைய தலைமைத் தளபதி அந்தோனியோ த அமரால் த மெனேசஸ் அந்தச் சண்டையிலேயே மாண்டார். அதன்பின் கோட்டை நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. தப்பியவர்கள் மாந்தைப் பக்கமாகக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடினர். ஒல்லாந்தர் தரைவழியே பின்தொடர்ந்தனர். யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்திற்கு மேல் முற்றுகையைத் தாங்கி, பசியாலும் நோயாலும் மெலிந்து யூன் மாதத்திற் சரணடைந்தது. யாழ்ப்பாண முற்றுகையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கின்றது. மன்னாருக்கு இரண்டு வரி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் ஒரு வாயிற்படி என்ற அளவிலேயே இந்தத் தீவை எழுதிப் பழகிவிட்டோம். படியில் மனிதர் குடியிருந்தார்கள் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இந்தப் படையெடுப்பை நாம் இவ்வளவு விபரமாக அறிவதற்குக் காரணமானவர் அட்மிரலோடு கூடவே வந்த ஒரு பாதிரியார். பிலிப்பஸ் பல்டேயஸ் என்பது அவர் பெயர். அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர். யாழ்ப்பாணத்திலே 1665 வரை தங்கியிருந்து, தாயகம் திரும்பிய பின் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. மலையாளக் கரை, சோழமண்டலம், இலங்கை மூன்றையும் பற்றிய அந்த நூலிலே தமிழ் எழுத்துக்களும் சிறியதோர் இலக்கணக் குறிப்பும் அச்சாகியுள்ளன. தமிழாசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்வது இந்தப் பக்கங்கள்தான். அன்றிக்கே அடிகளார் தமிழை அச்சேற்றியவர். அவரும் ஒருகாலத்தில் மன்னாரில் இருந்து பணியாற்றியவர். நூறாண்டு கழித்து அதே கரைக்குப் படையோடு வந்த இன்னொரு சமயப் பிரிவினரும் தமிழெழுத்தையே தேடிப் பிடித்தார்கள். ஆட்சி மாறியது, சமயம் மாறியது, அரிச்சுவடி மாறவில்லை. பல்டேயஸ் மன்னார்த் தீவின் தேவாலயங்களை ஊர் ஊராகச் சொல்லிச் செல்கின்றார். பேசாலையும் தோட்டவெளியும் தலைமன்னாரும் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலிலே நெளிந்து வளைந்து தோன்றும்போது, பழகிய முகத்தைப் புதிய தலைப்பாகையோடு கண்டதுபோல் இருக்கின்றது.

ஆனால், பாதிரியாரின் பேனாவையும் அட்மிரலின் பேனாவையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. வன் கூன்ஸ் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக 1660 முதல் 1675 வரை இடையிட்டு இடையிட்டு இருந்தார். பதவியை விட்டு நீங்குபவர், தமக்குப் பின் வருபவருக்கு நாட்டு நிலைமையை எழுதிக் கொடுப்பது கம்பனி வழக்கம். அவ்வாறு அவர் 1663இலும் 1675இலும் எழுதியவை ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளன. 1675இல் அவருக்குப் பின் ஆளுநராக வந்தவர் வேறு யாருமல்லர். அவருடைய சொந்த மகன், அதே பெயர் கொண்டவர். தகப்பன் மகனுக்கு எழுதியது என்றால் நாம் ஏதாவது அன்பு மொழியை எதிர்பார்ப்போம். அதிலே ஓடுவதெல்லாம் கம்பனியின் காரியம். வருமானம், காவல், யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது. தாய் தந்தையரை இழந்த பையனைக் கம்பனி வளர்த்தது. அவரும் கம்பனியின் மொழியையே மகனுக்கும் கொடுத்தார். அவருடைய எழுத்திற் கூர்மை உண்டு, உழைப்பு உண்டு. முத்துக்குளிப்பவன் மூச்சடக்கும்போது அவனுடைய மார்பு என்ன பாடுபடும் என்ற நினைப்பு அங்கே இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்வதா, அந்த வகை எழுத்தின் இயல்பாகச் சொல்வதா என்பதில் என் நண்பர்களோடு எனக்கு வழக்கு உண்டு. நான் குறை என்றே சொல்வேன். அதே காலத்து அதே கரையைப் பற்றி எழுதிய பல்டேயஸ், ஆட்சியாளரின் பக்கம் நின்றுகொண்டே, மக்களுடைய பழக்கவழக்கங்களை நின்று பார்த்தவர் அல்லவா?

மன்னார் மக்கள் தங்கள் பக்கத்தை எழுதவில்லை. ஆனால் நடந்தார்கள். ஒல்லாந்தர் வந்த 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாரை மறைத்து வைப்பவர்களுக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் தந்த சமயந்தானே, அவர்களோடு போய்விடும் என்று கம்பனி எண்ணியது. போகவில்லை. 1670ஆம் ஆண்டளவில் மாந்தைக் கோவிலில் இருந்த மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் ஒதுங்கின என்பது மடுத் திருத்தலத்தின் மரபு. அந்த ஆண்டிலே கொழும்பில் ஆளுநராக வீற்றிருந்தவர் நமது அட்மிரல்தான். ஐந்து அரச தூதுகள், நான்கு கோட்டைகள், முப்பது வருடப் பதவி உயர்வு ஆகிய எல்லாம் ஒருபுறம். யானைக் காட்டிலே கொடி விலக்கிப் பாதை எடுத்த இருபது குடும்பங்கள் மறுபுறம். திருக்கேதீச்சரத்தைப் பறங்கியர் இடித்தபோது கைநழுவிய இடத்தை நெஞ்சிலே சுமந்துவந்த சைவ மரபிலே பிறந்த எனக்கு, மாந்தையிலிருந்து மடு வரையுள்ள அந்தப் பாதை அந்நியமாகத் தோன்றவில்லை. அதே சொரூபம் 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, போர் நெருங்கியபோது, மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டதையும், சில மாதங்களின் பின் மீண்டதையும் நம்மிற் பலர் அறிவோம்.

அட்மிரலின் கதையில் மீதமுள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொச்சியை 1663இற் பிடித்தார். 1672இல் பிரெஞ்சு அட்மிரல் டி லா ஹே திருகோணமலைக்கு வந்தபோது அவரை அங்கிருந்து அகற்றினார். 1674இல் சாந்தோமிலும் அவரைப் பணிய வைத்தார். கம்பனியின் ஆசியத் தலைநகராகப் பத்தேவியாவுக்குப் பதிலாகக் கொழும்பே இருக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. பத்தேவியாவில் இருந்தவர்களுக்கு அது பிடிக்குமா? இலங்கையிலே பிடித்த நிலத்தைக் காக்க வரவைவிடச் செலவே மிகுந்தது என்று கணக்கும் காட்டினார்கள். ஆசை நிறைவேறவில்லை. ஆயினும், 1678இல் பத்தேவியாவிலேயே கவர்னர் ஜெனரல் என்னும் உச்சப் பதவி அவரைத் தேடி வந்தது. பத்து வயதில் பெற்றோர் கைபிடித்து இறங்கிய அதே துறைமுகம். மூன்று ஆண்டுகளில் பதவியை விட்டு ஒல்லாந்துக்குத் திரும்பினார். 1682 நவம்பரில் அம்ஸ்ரடாமில் இறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது ஆசியாவிலே. அவருக்குத் தாயகம் எது என்று கேட்டால், கம்பனி என்றுதான் சொல்ல வேண்டும்.

மன்னார்க் கோட்டையை ஒல்லாந்தர் 1696இற் புதுக்கிக் கட்டினார்கள். பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைபவர்கள் இன்றைக்கும் அதைக் காணலாம். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1687இல், கோவையைச் சேர்ந்த யோசவ் வாஸ் என்னும் குருவானவர், இந்தியாவின் மேற்குக்கரைக் கோவாவிலிருந்து நடந்தும் கடலோடியும் தெற்கே வந்து, கூலியாளின் உடையிலே, இலங்கைக்கு வரும் கலமொன்றில் ஏறினார். அவர் ஏறிய துறை, 1658இல் அட்மிரல் முதன்முதலிற் பிடித்த தூத்துக்குடி.