நாட்டின் நீரை அளக்கும் கோல் எது?

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெள்ளவத்தையில் வாழும் நம்மிற் பலருக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, இங்கே குழாயைத் திருகியதும் வருவது. மற்றது, யாழ்ப்பாணத்தில் நாம் விட்டுவந்த கிணற்றிலே கிடப்பது. முன்னதற்கு மாதந்தோறும் பில் வருகிறது. பின்னதற்குக் கணக்கே இல்லை. ஒரு தேசம் தன் நீரை எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறது என்பதை அளப்பதுபற்றிப் பேச எண்ணியபோது, இவ்விரண்டுமே நம் மனத்தில் எழுந்தன.

சுவீடன் தேசத்து நீரியல் அறிஞரான மாலின் பல்கன்மார்க் அம்மையார் 1989இல் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார். ஆண்டுதோறும் மழையினாற் புதிதாகக் கிடைக்கும் நீரை ஜனத்தொகையாற் பிரிக்க வேண்டும். தலைக்கு 1,700 கன மீற்றருக்குக் குறைந்தால் நெருக்கடி. 1,000க்குக் குறைந்தால் பஞ்சம். இலங்கைக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 5,280 கோடி கன மீற்றர். தலைக்கு 2,400 அளவில் வருகிறது. ஆகவே நாம் சித்தியடைந்துவிட்டோம்!

ஆனால் 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இலக்குகளின் கீழ் வேறொரு கோல் பிடிக்கப்படுகிறது. நாம் எடுத்துப் பயன்படுத்துவது ஆண்டுக்கு 1,300 கோடி கன மீற்றர் வரை. அதிற் பெரும்பகுதி வயல்களுக்கே போகிறது. மொத்தத்தில் இது கால்வாசிதானே என்று தோன்றும். எனினும் ஆறு ஆறாக இருப்பதற்கு விடவேண்டிய நீரை முதலிற் கழித்துவிட்டால் மிஞ்சுவது 1,400 கோடி சொச்சமே. அதில் ஏறக்குறைய 90 வீதத்தை எடுத்துவிடுகிறோம். இது கடும் நெருக்கடிப் பிரிவு. முதற் கோலிற் சித்தியடைந்த அதே தேசம்!

ஆற்றுக்கு நீர் விடுவது தருமம் என்று எவரும் நினைக்கவேண்டாம். வரட்சியில் களனி கங்கை மெலிந்தால், முகத்துவாரத்தினால் உப்புநீர் ஏறி, நமக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைவரை எட்டப்பார்க்கிறது. கொட்டாஞ்சேனை அன்பர்களுக்கு அந்த முகத்துவாரம் கூப்பிடு தூரம்.

சராசரி என்பதும் பொல்லாத சாமான். பத்தரமுல்லையில் இயங்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எழுதிய மூவருள் சக்திவடிவேல் என்பவரும் ஒருவர். அவர்கள் இலங்கையை ஒரே துண்டாக நோக்காமல், மாவட்டம் மாவட்டமாக, பெரும்போகம் சிறுபோகம் என்று பிரித்து நோக்கினார்கள். தேசக் கணக்கில் மறைந்திருந்த பற்றாக்குறை வரண்ட மாவட்டங்களில் வெளிப்பட்டது. இரத்தினபுரியில் பெய்யும் மழை கிளிநொச்சி வயலுக்கு உதவுமா?

இனி, நீர் இருப்பது வேறு, அதை ஆளுவது வேறு. சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். பல்கன்மார்க் கணக்கில் அது தலைக்கு நூறு கன மீற்றர் அளவே உடைய ஏழை. ஆயினும் 2003 முதல் கழிவுநீரையும் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கிறது. குழாயில் ஒழுகிப்போவது மிகச் சொற்பம். நம் கொழும்பு மாநகரிலோ, 2012 அளவில், சுத்திகரித்து அனுப்பிய நீரிற் பாதிக்குக் காசு வரவில்லை. பழங்குழாய்களில் ஒழுகியதும், கணக்கில்லாமல் எடுத்ததும் அதில் அடங்கும். பின்னர் குழாய்களை மாற்றும் பெருவேலை நடந்தது.

ஆளுகையை அளக்கவும் ஐக்கிய நாடுகள் 33 வினாக்கள் கொண்ட ஒரு பத்திரம் வைத்திருக்கிறது. சட்டம், நிறுவனம், கருவிகள், நிதி என்று கேட்டு நூற்றுக்குப் புள்ளி இடுவார்கள். 2017இல் உலகச் சராசரி 49, 2023இல் 57. புள்ளி இடுபவர் யார் தெரியுமா? அந்தந்த நாடேதான். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்றது. அதனால் அதைப் பயனற்றதென்று தள்ளவும் நாம் துணியமாட்டோம். வெவ்வேறு திணைக்களத்தாரை ஒரு மேசையில் இருத்துவதே பெரிய காரியம்.

ஆயினும் இக்கோல்கள் எவையும் நம் ஊர்க் கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லில் இறங்கித் தங்குவதே நம் சொத்து. உரமும் மலகூடக் குழியும் அதே கல்லினூடாக இறங்குகின்றன. தோட்டச் செய்கை மிகுந்த இடங்களிற் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலகச் சுகாதார ஸ்தாபனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சிளங் குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்நீர் ஆகாது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் தெளிவாயிருக்கும், உருசியிலும் பேதம் தெரியாது. நம் அம்மாமார் அதில்தான் உலை வைக்கிறார்கள்.

இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவர எண்ணியபோது கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. அது நல்லது; ஆனால் கிணறு கிணறாகவே இருக்கிறது.

ஆகையால் சங்க அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆவணி விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள், சுத்தமான போத்தலொன்றில் வீட்டுக் கிணற்றுநீரை எடுத்து, கிராமத்தின் பெயரையும் திகதியையும் எழுதி, ஐசில் வைத்து, தாமதியாமல் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். தைப்பொங்கலுக்குப் போகும்போது, மழைக்குப் பின் இன்னொரு போத்தல். முடிவுகளை எழுதிவைக்க ஒரு கொப்பியை இம்மண்டபத்து அலுமாரியில் வைத்துள்ளோம். அதன் முதற் பக்கம் இன்னும் வெறுமையாயிருக்கிறது.