'டேப்' என்றால் தட்டுவதா?



ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரையில், பால் வெட்டும் தன் அம்மாவைப் பற்றி 'கட்ஸ் மில்க்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து 'டேப்ஸ் ரப்பர்' என்று திருத்தினேன்.

"டேப்னா தட்டுறதுதானே சார்? எங்கம்மா மரத்தைத் தட்டலையே, வெட்டுறாங்க!" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியிலே இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்!

அகராதியைப் புரட்டினேன். தட்டுவதைக் குறிக்கும் 'டேப்' பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். இதுவோ பழைய ஆங்கிலச் சொல். பீப்பாய்த் துளையை அடைக்கும் முளைக்குப் பெயர். முளையைப் பிடுங்கினால் உள்ளிருப்பது ஒழுகும். தண்ணீர்க் குழாய்க்கும் அதே பெயர்தான். மரத்தைச் சாய்க்காமல் பட்டையைச் சீவிப் பால் இறக்குவதும் 'டேப்'. மரம் சாகாமல் திரும்பத் திரும்பச் சீவலாம் என்று 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் செய்து காட்டியவர் ரிட்லி.

ஆங்கிலேயர் ஒழுகுவதைப் பார்த்தார்கள். நம்மவர்கள் கத்தி பிடித்த கையைப் பார்த்தார்கள். பரீட்சையில் 'டேப்ஸ் ரப்பர்' என்றே எழுதுங்கள்; 'மில்க்' என்றால் அவர்களுக்கு மாட்டுப்பால்தான்.

மறுநாள் அவன் நோட்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் "தமிழில் நீ சொன்னது சரி" என்று எழ்திக் கையெழுத்துப் போட்டேன்.